ஒன்றிலிருந்து மூன்று வரை

எனக்குச் சத்தம் என்றால் பயம். அடுத்த வீட்டுக்காரர் போடும் சத்தத்துக்கு அல்ல. அவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் மேளமே அடித்தாலும் நான் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிடுவேன். எங்கள் வீட்டிலிருந்து வெளியே போகும் சத்தத்துக்குத்தான் பயம். கதிரையை இழுக்கும்போது அது 'கிரீச்' என்றால் போதும், கீழ் வீட்டில் யாரோ பேனாவை எடுத்துவிட்டார்கள், கவுன்சிலுக்குக் கடிதம் போகப்போகிறது என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். லண்டன் எட்மண்டனில் எங்கள் பிளாட்டில் எல்லாக் கதிரைக் கால்களுக்கும் கம்பளித் துண்டு ஒட்டியிருக்கிறேன். மிக்ஸியைக் காலை எட்டுக்கு முன் தொட மாட்டேன், தொட்டாலும் அடியில் துவாயை நாலாக மடித்து வைத்துவிட்டுத்தான் தொடுவேன். "உனக்கு ஏலுமெண்டால் தேங்காய்க்கும் வாயைக் கட்டிப்போட்டுத்தான் துருவுவாய்" என்று என் கணவர் சொல்வார்.

இந்த வியாதி எனக்கு ஜெர்மனியில் பிடித்தது. முதலில் நானும் அண்ணையும் அங்கேதான் இருந்தோம். சிறிய ஊர், இரண்டாம் மாடி, ஒரே ஓர் அறை. அகதி வழக்கு முடியவில்லை. இருக்க விடுவார்களா, திருப்பி அனுப்புவார்களா என்று தபால்காரரின் கையையே பார்த்துக்கொண்டிருந்த காலம். அந்த ஊரில் மத்தியானம் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை ஓய்வு நேரம். ஆணி அடிக்கக் கூடாது, புல் வெட்டக் கூடாது, வெறும் போத்தலைத் தொட்டிக்குள் போடக்கூடக் கூடாது. எங்களுக்கு அது தெரியாது. ஒருநாள் ஒன்றரை மணிபோல அண்ணை ரசத்துக்கு மிளகு இடித்தார். கீழ் வீட்டுப் பெண்மணி படியேறி வந்து கதவைத் தட்டினார். ஒரு வார்த்தை பேசாமல் தன் கையிலிருந்த மணிக்கூட்டைக் காட்டினார்.

அடுத்த கிழமை வீட்டுச் சொந்தக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. வாசித்து விளங்காமல் அதை மூன்று நாள் தலையணைக்குக் கீழே வைத்திருந்தோம். கடிதத்தின் பிரதி எங்கள் வழக்குக் கோப்புக்குள் போயிருக்கும், மிளகு இடித்த குற்றத்துக்காக எங்களைக் கொழும்புக்கு ஏற்றப்போகிறார்கள் என்று நான் அழுதேன். கடைசியில் யாரோ வாசித்துச் சொன்னார்கள், அது வெறும் நினைவூட்டல் என்று. ஆனால் பயம் வந்தது வந்ததுதான். அன்றிலிருந்து ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் நான் அண்ணையைக் குதிக்கால் ஊன்றி நடக்க விடவில்லை. பாவம், அந்த மனிதர் இரண்டு வருடம் பெருவிரலால் நடந்தார்.

பிறகு எனக்குக் கலியாணமாகி லண்டனுக்கு வந்தேன். அண்ணை பாரிசுக்குப் போய் ஓர் உணவகத்துக் குசினியில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே கத்தினால்தான் அடுத்த ஆளுக்குக் கேட்குமாம். அவருடைய தொண்டை அங்கேதான் திறந்தது, பிறகு மூடவே இல்லை. போனில் பேசினால் போனே தேவையில்லை என்று தோன்றும். சிரித்தால் கோப்பை அதிரும். படுத்தால் குறட்டை. அதைக் குறட்டை என்று சொல்வது மரியாதைக்காக.

போன கோடையில் அவர் ஒரு கிழமை லீவில் எங்களிடம் வந்தார். என் கணவர் அப்போதுதான் வேலையிடத்தில் ஒருவரிடமிருந்து ஒரு பழைய கரவனைக் கைமாற்றி வாங்கியிருந்தார். காருக்குப் பின்னால் கொளுவி இழுக்கும் சின்ன வண்டிவீடு. அண்ணைக்கு அதைப் பார்த்ததும் கொண்டாட்டம். எங்கள் வீட்டிலிருந்து கால் மணி நேரத் தூரத்தில், நோர்த் சேர்குலர் றோட்டின் இரைச்சல் நாள் முழுக்கக் கேட்கும் ஒரு கரவன் தளத்தில் இடம் பிடித்தோம். விடுமுறைக்கு நாங்கள் போன தூரம் அவ்வளவுதான். கணவர் வெள்ளிக்கிழமை காலை எங்களை இறக்கி, கரவனை நிறுத்தி, அதன் வாசலோடு ஒட்டி நிற்கும் முன்கூடாரத்தையும் கட்டித் தந்துவிட்டு ஷிப்டுக்குப் போனார். சனிக்கிழமை பின்னேரம்தான் வருவேன் என்றார்.

ஓய்வெடுப்பது என்றால் மனிதருக்கு மனிதர் எவ்வளவு வித்தியாசம் என்று அங்கே பார்த்தேன். ஒரு பக்கத்தில், பச்சை மழைக்கோட்டுப் போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. எழுபது வயதிருக்கும். தனியாக வந்திருந்தார். மடக்குக் கதிரையில் உட்கார்ந்து, குறுக்கெழுத்துப் புதிரை மடியில் வைத்து, மணிக்கணக்கில் அசையாமல் இருந்தார். அவருடைய நாய்கூட அவரைப் போலத்தான், குரைக்கத் தெரியாத பிறவி. இந்தப் பக்கத்தில் எங்கள் அண்ணை. காலை நீட்டி, போனை ஸ்பீக்கரில் போட்டு, பாரிசில் நாலு பேரோடு ஒரே நேரத்தில் கதைத்துச் சிரித்து, இடையில் பழைய பாட்டு ஒன்றையும் இழுத்தார். இரண்டு பேரும் ஓய்வெடுத்தார்கள். நான்தான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று வியர்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணை, மெல்லமாக் கதையுங்கோ."

"நான் என்ன கத்தினனானே? சும்மாதானே கதைக்கிறன்."

வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்தப் பெண்மணி நாயோடு நடந்து போகும்போது எங்களைப் பார்த்துச் சிரித்து, நல்ல சந்தோஷமாக இருக்கிறீர்கள்போல என்று இங்கிலீசில் சொன்னார். அண்ணை கையை ஆட்டினார். இந்த நாட்டுக்காரர் குறை சொல்லும் விதம் எனக்குத் தெரியும். முகம் சிரிக்கும், முறைப்பாடு பின்னால் வரும். அரை மணியில் தளத்துப் பொறுப்பாளர் சைக்கிளில் வந்து, எல்லாம் சரியா, ஏதாவது தேவையா என்று கேட்டார். போச்சு, முறைப்பாடு போய்விட்டது, இது முதல் எச்சரிக்கை என்று நான் முடிவுகட்டினேன். வரும்போது தந்த விதிகள் எழுதிய தாளை எடுத்து வாசிக்கவும் பயமாக இருந்தது. மடித்தபடியே கைப்பைக்குள் வைத்துவிட்டேன். எங்களை இரவோடு இரவாகக் கிளப்பி விட்டால் இழுத்துப் போகக் காரும் இல்லை.

சனிக்கிழமை குளிரும் மழையும். கோடை என்று பெயர்தான். அண்ணை கரி அடுப்பில் கோழி வாட்டுவேன் என்று விடாப்பிடியாக நின்றார். பன்னிரண்டரைக்குக் கோழி பாதி வெந்துகொண்டிருக்கும்போது மழை கொட்டியது. அவர் அடுப்பை அப்படியே தூக்கி முன்கூடாரத்துக்குள் வைத்தார். புகை உள்ளே வந்தது. உடனே நான் வாங்குப் பலகையில் ஏறி, கரவனின் கூரையிலிருந்த புகை அலாரத்துக்குக் குளிக்கும் தொப்பியை மாட்டினேன். எங்கள் சனத்தின் வீடுகளில் இது எல்லோருக்கும் தெரிந்த வேலை. செத்தல் மிளகாய் பொரித்தால் அலறும், தாளித்தால் அலறும், அலறும்போது கிடைத்ததை எடுத்து அதன் வாயை மூட வேண்டும். அலாரம் அடித்தால் எங்களுக்கு நெருப்பு நினைவுக்கு வராது. கறி கொதிக்கிறது என்றுதான் நினைவு வரும்.

சாப்பிட்டு முடிய ஒரு மணியாகிவிட்டது. நான் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

"அண்ணை, இனி மூண்டு மணி மட்டும் சத்தம் கூடாது."

"இது ஜேர்மனி இல்லைப் பிள்ளை."

"எங்க எண்டாலும் மனுசர் மனுசர்தானே. மத்தியானம் எல்லாரும் படுப்பினம். நாங்கள் ஏற்கனவே ஒருக்கா ஏச்சு வாங்கியாச்சு."

"ஆர் ஏசினது?"

"ஏசாமலே ஏசினவை. உங்களுக்கு அது விளங்காது."

அவர் என்னைப் பார்த்தார். பழைய அறையில் பெருவிரலால் நடந்தபோது இருந்த அதே முகம். "சரி, சரி. நீ பயப்பிடாத. நான் வாயே துறக்கமாட்டன்" என்று சொல்லி உள்ளே போய்க் கட்டிலில் படுத்தார். அடுப்பை வெளியே எடுப்போமா என்று கேட்டேன். "அது அணைஞ்சு போச்சு. சாம்பல்தான் கிடக்கு. கொஞ்சம் சூடாயிருக்கட்டும்" என்றார். எனக்கும் குளிராகத்தான் இருந்தது.

ஐந்து நிமிடத்தில் குறட்டை தொடங்கியது. மெல்லிய தகரப் பெட்டிக்குள் அந்தச் சத்தம்! நான் ஒவ்வொன்றாக மூடினேன். முன்கூடாரத்துத் துணிவாசலின் சிப்பை நிலம் வரை இழுத்து மூடினேன். யன்னல்களைப் பூட்டினேன். கதவுக்குப் பக்கத்தில் தரையில் காற்றுப் போக ஒரு கம்பிவலைத் துளை இருந்தது. அதன் மேலும் ஒரு பாயை மடித்துப் போட்டேன். கரவனின் உள்கதவை மட்டும் திறந்து விட்டேன், அடுப்பின் சூடு அவருக்குப் போகட்டும் என்று. அப்போது எனக்கு ஒரு நல்ல காரியம் செய்த திருப்திதான் இருந்தது.

இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அலாரம் அடித்தது. தொப்பி போட்ட அலாரம் அல்ல. கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் இன்னொன்று, வெள்ளைப் பெட்டி. நாலு தரம் வேகமாக அடித்தது, நின்றது, மறுபடி நாலு தரம். எனக்கு உயிர் போய்விட்டது. அண்ணைக்காக அல்ல, பச்சை மழைக்கோட்டுக்காக. வாங்கில் ஏறி அதைக் கழற்றினேன். பற்றரி எடுக்கும் மூடி எங்கேயும் இல்லை. துவாயில் சுற்றினேன், கேட்டது. இரண்டு துவாயில் சுற்றினேன், அப்போதும் கேட்டது. பிள்ளையைத் தூக்குவதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மழைக்குள் ஓடி, எங்கள் இடத்தின் எல்லையிலிருந்த செடிவேலிக்குள் வைத்தேன். அங்கே இன்னும் சில தரம் அடித்துவிட்டு, தானாக அடங்கியது. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அந்த இடத்தில் காற்று நன்றாக இருந்ததால்தான் அது அடங்கியது என்று எனக்கு யார் சொல்ல?

திரும்பி வந்து, கழுவ வேண்டிய பாத்திரங்களை வாளியில் போட்டு, சிப்பை மறுபடி நிலம் வரை இழுத்து மூடிவிட்டு, தளத்தின் கழுவுமிடத்துக்குப் போனேன். அங்கே யாரும் இல்லை. சுடுதண்ணீர் தாராளமாக வந்தது. கூரையில் மழை. நான் செய்யாத சத்தம், அதனால் எனக்குப் பயமில்லாத சத்தம். என்னுடைய ஓய்வு அதுதான். ஒரு தட்டை மூன்று தரம் கழுவினேன். அந்த இரண்டு நாளில் நான் ஆறுதலாக இருந்தது அந்த முக்கால் மணி நேரம்தான். அதை நினைக்க வெட்கமாக இருக்கிறது.

இரண்டே முக்காலுக்குத் திரும்பி வந்தேன். எங்கள் இடத்துக்கு முன்னால் பச்சை மழைக்கோட்டுப் பெண்மணி நாயோடு நின்றார். அவர் வாய் திறப்பதற்குள் நான் தொடங்கிவிட்டேன். மன்னியுங்கள், சமையல் புகை, அலாரத்தை நிறுத்திவிட்டேன், இனி வராது. அவர் தலையாட்டவில்லை. சமையல் புகைக்கு அது அப்படி அடிக்காதே என்றார். நான் எண்ணிப் பார்த்தேன், நாலு, இடைவெளி, பிறகு நாலு என்று விரல்களைக் காட்டினார். அது மற்ற அலாரம், நச்சு வாயுவுக்கானது, அது நின்றதும் நீங்கள் கவனித்திருப்பீர்கள் என்று நினைத்தேன் என்றார். பிறகு எங்கள் கரவனைப் பார்த்து, கொஞ்சம் தயங்கி, உங்கள் அண்ணனின் சத்தத்தையும் காணோம் என்றார்.

அப்போதுதான் நானும் காது கொடுத்துக் கேட்டேன். குறட்டை இல்லை. தூரத்தில் நோர்த் சேர்குலர் இரைந்தது, மழை விழுந்தது, எங்கள் கரவனிலிருந்து ஒன்றும் வரவில்லை. நான் அவ்வளவு நேரம் ஆசைப்பட்ட அமைதி அங்கே நிறைந்து நின்றது.

பத்தாம் வகுப்பில் பாடமாக்கியது அந்த நேரத்தில் வந்து நின்றது. காபனோரொட்சைட்டு நிறமற்றது, மணமற்றது, நச்சுத்தன்மை உடையது. கரி குறைவான காற்றில் எரியும்போது உண்டாகும். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு எனக்கு முழுப் புள்ளி. சத்தமுமற்றது என்று புத்தகத்தில் போடவில்லை.

வாளியை எங்கே போட்டேன் என்று தெரியாது. சிப் பாதியில் சிக்கிக்கொண்டது. நான் கத்தினேன்.

"அண்ணை! அண்ணை!"

அப்படி ஒரு குரல் என்னிடம் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. இத்தனை வருடமும் கம்பளி ஒட்டி, துவாய் சுற்றி, மடித்து வைத்த சத்தம் எல்லாம் சேர்ந்து வந்தது. அந்தத் தளத்தில் இருந்த அத்தனை கதவும் திறந்தன. பெண்மணி என்னை விலக்கிவிட்டு, கூடாரத் துணியின் அடியை முளையோடு பிடுங்கி எறிந்தார். உள்ளே அடுப்பின் மேல் சாம்பல். அவர் அதை ஒரு குச்சியால் தட்டியபோது அடியில் கரி சிவப்பாகக் கிடந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு போ, உள்ளே நிற்காதே என்று என்னிடம் கத்தினார். நானும் அவரும் எங்கிருந்தோ ஓடிவந்த இரண்டு ஆண்களுமாக அண்ணையைத் தோளிலும் காலிலும் பிடித்து இழுத்து மழைக்குள் போட்டோம்.

அவர் கண் பாதி திறந்திருந்தது. சத்தி எடுத்து வாயோரமெல்லாம் வழிந்திருந்தது. நான் அவர் கன்னத்தில் அடித்தேன். கதையுங்கோ, கத்துங்கோ, பாட்டுப் படியுங்கோ என்று என்னவெல்லாமோ சொன்னேன். என் வாழ்க்கையில் அதுபோல் பயந்ததில்லை. ஜெர்மன் கடிதத்துக்குப் பயந்ததெல்லாம் அதற்கு முன்னால் விளையாட்டு. கடைசியில் அவர் மூச்சை ஒரு தரம் பெரிதாக இழுத்தார். குறட்டை மாதிரியே இருந்தது. அந்தச் சத்தத்துக்காக நான் கடவுளைக் கும்பிட்டேன்.

அம்புலன்ஸ்காரர் ஒட்சிசன் முகமூடியைப் போட்டுவிட்டு, அலாரம் ஏதும் அடித்ததா என்று என்னைக் கேட்டார். இல்லை என்று சொன்னேன். ஏன் சொன்னேன்? பயம். பொலிஸ் வரும், வழக்கு வரும், சொந்த அண்ணனைக் கொல்லப் பார்த்தவள் என்று எழுதுவார்கள். பெண்மணி எனக்குப் பக்கத்தில்தான் நின்றார். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு நாயோடு செடிவேலிப் பக்கம் நடந்தார்.

அண்ணை பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் வைத்து இரவு முழுக்க ஒட்சிசன் கொடுத்தார்கள். ஞாயிறு காலை நானும் கணவரும் சாமான்களை எடுக்கத் தளத்துக்குப் போனோம். பெண்மணி கையில் என் இரண்டு துவாயும், அவற்றுக்குள் அந்த வெள்ளைப் பெட்டியும் இருந்தன. இதை மறுபடி சுவரில் மாட்டுங்கள் என்றார், அவ்வளவுதான். நான் அழுதுகொண்டே, மத்தியான அமைதியைக் கெடுத்துவிடக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. எந்த மத்தியான அமைதி? கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து விரித்தேன். இரவு பதினொன்றிலிருந்து காலை ஏழு வரை. அவ்வளவுதான் எழுதியிருந்தது. மத்தியானத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நீங்கள் முறைப்பாடு செய்யவில்லையா என்று கேட்டேன். எதற்கு, அவர் பாடும்போது என் நாய் காதைத் தூக்கிக்கொண்டு கேட்கும் என்றார்.

அன்று பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முகமூடியைக் கழற்றியிருந்தார்கள். கணவர் தேத்தண்ணி வாங்கக் கீழே போயிருந்தார். காலையிலிருந்து அண்ணை பாரிஸ் ஆட்களுக்கெல்லாம் போனில் செய்தி சொன்னாராம், அந்தப் பழைய கரவனில் அலாரமே வேலை செய்யவில்லை என்று. அதைக் கேட்டதும் எனக்குத் தாங்கவில்லை.

"அண்ணை, அலாரம் அடிச்சது. நான்தான் கழட்டிக் கொண்டுபோய் வேலிக்குள்ள வைச்சனான். கேட்டவைக்குப் பொய் சொல்லிப்போட்டன்."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும் பிள்ளை. நீ வாங்கில ஏறேக்க நான் முழிப்பு."

"முழிப்போ? பிறகேன் ஆக்களுக்கு அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"உன்னைக் காட்டிக் குடுக்கச் சொல்லுறியே?"

"அப்ப ஏன் எழும்பேல்ல? ஏன் என்னைக் கூப்பிடேல்ல?"

"நீ கழுவப் போன பிறகுதான் தலை பிளக்கத் தொடங்கினது. எழும்பப் பாத்தன், ஏலேல்ல. காலில பலமில்லை. கூப்பிடுவம் எண்டு வாயைத் துறந்தனான்." அவர் கொஞ்சம் மூச்சு வாங்கினார். "கையில மணிக்கூட்டைப் பாத்தன். ரெண்டரை. மூண்டு மணி மட்டும் பொறுத்துக்கொள்ளுவம் எண்டு கிடந்திட்டன்."

அவர் அதை மிகவும் மெதுவாகத்தான் சொன்னார். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.